நாலு ஆள் கம்பெனி

உலகத்தில் விரித்துக் கிடக்கும் கம்பளங்களில் முக்கால்வாசியை ஒற்றை ஆளாக வெளுத்தெடுத்தவர் விருதுநகர் பொன்ராஜ். அவர் மிஷினைப் போட்டால் மூன்று மாவட்டத்துக்குக் கரண்டு மங்கும். அழுக்கு அவரைக் கண்டதும் தானாக எழுந்து வாசல் பக்கம் போய் வரிசையில் நிற்கும். மஸ்கட்டை விட்டு அவர் கிளம்பிய நாளில் அங்குள்ள பெரிய மனிதர்கள் விமானத்துக்குக் குறுக்கே படுத்து அழுதார்கள்.

இதில் விருதுநகர், பொன்ராஜ், மஸ்கட் மூன்றும் உண்மை.

மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் கம்பளம் சுத்தம் செய்யும் வேலை. தங்குவதற்கு எட்டுப் பேருக்கு ஓர் அறை. ஏழு பேருடைய குறட்டையில் தூக்கம் வரவில்லை என்று பொன்ராஜ் அங்கே இருந்தவரை புலம்பினார். இப்போது குறட்டை இல்லாததால் தூக்கம் வராமல் கிடக்கிறார்.

அவர் ஊர் திரும்பிய வருடமே மனைவி பியூலாவுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. “ஒருத்தராவது ஊர்ல இருக்கணும்லங்க” என்று சொல்லிவிட்டு அவள் விமானம் ஏறினாள். அந்த ஒருத்தர் தனியாக இருந்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளும் இல்லை. பொன்ராஜ் ஒரு நுரை மிஷினும் பழைய ஆம்னி வேனும் வாங்கினார். மிளகாய் வற்றல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் அறை பிடித்து, தன் பேரில் பாதியையும் பியூலாவின் பேரில் பாதியையும் ஒட்டவைத்து ‘பொன்பியூ கார்ப்பெட் கேர் அண்ட் கோ’ என்று போர்டு மாட்டினார். பொன் மாடியில் இருந்தது, பியூ குவைத்தில் இருந்தது, கோ எங்கேயும் இல்லை.

அந்தக் ‘கோ’வால்தான் வினை வந்தது. போனில் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றே: “எத்தன ஆளு வருவீக?”

“நான்தாங்க வருவேன்.”

“அப்படியா. யோசிச்சுச் சொல்றோம்.”

யோசித்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆகவே பொன்ராஜ் ஒரு மேனேஜரை நியமித்தார். பெயர் உக்கிரபாண்டி. நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற கனத்த குரல், யாரையும் மதிக்காத தோரணை. போர்டில் இருந்த நம்பருக்கு யார் பேசினாலும் உக்கிரபாண்டிதான் எடுப்பார். “நம்ம பசங்களை அனுப்பி வைக்கிறேன்” என்பார். பிறகு பொன்ராஜ் யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு வேனை எடுப்பார். ஆர்டர் வரத் தொடங்கியது.

கிட்டங்கியில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டும் பாண்டிச்செல்வம்தான் இதை முதலில் கண்டுபிடித்தவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவனும் பேசி வைத்துப் பிரிந்துகொண்டார்கள். இதை எழுதுவது அவன்தான் என்பதால் அவன் அழகைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். வக்கீல் ஒருவர் வீட்டுக் கம்பளத்தைப் பொன்ராஜ் அலசி மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார். கீழே மிளகாய் வற்றல் சலித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி அவ்வளவும் மேலே போய் ஈரக் கம்பளத்தில் குடியேறியதை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் வக்கீல் குடும்பம் அதில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறது. பாதிப் படத்தில் எல்லாரும் எழுந்து குளிக்க ஓடியிருக்கிறார்கள். வக்கீல் போனில் வெடித்தார். உக்கிரபாண்டி போனை வைக்காமலேயே அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார்:

“ஏலே பொன்ராசு! அறிவிருக்கா ஒனக்கு? வத்தக் கிட்டங்கி மேல கொண்டு காயப்போடுவியா?”

“மன்னிச்சிருங்க சார், தெரியாம...”

“வாயத் தொறக்காத! நாளையிலருந்து நீ வேலைக்கு வரவேண்டாம், போ!”

யாருக்கோ அடி விழப்போகிறது என்று வேடிக்கை பார்க்க மாடியேறி வந்த பாண்டிச்செல்வம், அறைக்குள் ஒரே ஓர் ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன்னையே வேலையை விட்டுத் துரத்துவதைப் பார்த்தான். பொன்ராஜும் படிக்கட்டில் தெரிந்த தலையைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் இறங்கி வரும்போதெல்லாம் பையன் கேட்பான்: “என்னண்ணே, மேனேஜர் திரும்பச் சேத்துக்கிட்டாரா?” பொன்ராஜ் சிரித்துக்கொண்டே போவார். சில நாளில் அன்றைக்கு அவரிடம் யாராவது பேசிய பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஏனென்றால் அந்தத் தொழில் அப்படி. நுரை போட்ட கம்பளம் காய்கிறவரை யாரும் மிதிக்கக் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை அங்கிருப்பவர்களை வெளியே அனுப்புவதுதான்.

ஐப்பசி முகூர்த்தங்கள் முடிந்ததும் சிவகாசியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. நாரணாபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளம். ரோஸ்மில்க், சந்தனம், வெற்றிலைக் காவி, யார் யாரோ மிதித்த கேக்கு. அது முழுக்க வெளுக்க வேண்டும், நாலு ஆளாவது வர வேண்டும் என்று மண்டபத்துக்காரர் ராஜபாண்டியன் கறாராகச் சொன்னார். “அஞ்சு பேராக்கூட அனுப்புறேன்” என்றார் உக்கிரபாண்டி.

பொன்ராஜ் போய் இறங்கி, வாட்ச்மேனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினார். நடுவில் ராஜபாண்டியன் வந்து பக்கவாட்டுக் கதவில் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா நீ மட்டும் நிக்க? நாலு பேரு வருவாகன்னாரே ஒங்க மேனேஜரு?”

“வந்திருக்காக அண்ணாச்சி. பின்னால தண்ணி பிடிக்கப் போயிருக்காக.”

“மேனேஜரு கோவக்காரரோ? போன்ல பேசுறப்ப நானே எந்திரிச்சு நின்னுட்டேன்.”

“மோசமான ஆளு அண்ணாச்சி.”

ராஜபாண்டியன் நல்ல மனிதர். மத்தியானம் திரும்பி வந்தார். பிரியாணிப் பொட்டலம் நான்கை மேடையில் வைத்துவிட்டு, “நாலு பேரும் வயிறாரச் சாப்பிடுங்கப்பா” என்று பின்கட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயிரம் பேர் உட்காருகிற மண்டபம். நாற்காலிகள் எல்லாம் ஓரத்தில் அடுக்கியிருந்தன. பொன்ராஜ் மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில் சம்மணம் போட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மீதி மூன்றும் எதிரே இருந்தன. மஸ்கட் அறையில் எட்டுப் பேரும் வந்தால்தான் சோற்றில் கை வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “சாப்பிடுங்கய்யா.”

காலி மண்டபத்தில் அது எதிரொலித்து, வேறு யாரோ அவரிடம் சொன்னதுபோலத் திரும்பி வந்தது. அவருக்குப் பசி போய்விட்டது. பிரித்த பொட்டலத்தைத் திரும்ப மடித்தார்.

சாயங்காலம் கிட்டங்கி வாசலில் நான்கு பொட்டலத்தையும் பாண்டிச்செல்வத்தின் கையில் கொடுத்து, மண்டபத்தில் நடந்ததையும் ஏனோ சொன்னார். “சாப்பிடுங்கய்யா”வையும் சேர்த்துத்தான் சொன்னார்.

“மத்த மூணு பேரும் விரதமாண்ணே?” என்றான் பையன். எப்போதும்போல விளையாட்டாகத்தான் கேட்டான்.

பொன்ராஜ் சிரிக்கவில்லை. “ஆமாலே” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் குவைத்துக்குப் பேசுவது படிக்கட்டு வழியாகக் கீழே கேட்டது.

“மிஷின வித்துர்றேன் பியூலா. மதுரைக்காரன் ஒருத்தன் நாளக் கழிச்சு வந்து எடுத்துக்கிடுறேன்னு சொல்லியிருக்கான். மஸ்கட்டுல பழைய வேலைக்கே கூப்புடுறாக... இல்ல, ஆர்டரெல்லாம் நல்லா வருது... ஒடம்பும் நல்லாத்தான் இருக்கு... ஒண்ணுமில்ல பியூலா. சும்மாதான்.”

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய் வந்து அவர் மிஷினைத் துடைத்துவைத்தார். குழாய்களைச் சுருட்டிக் கட்டினார். போர்டைக் கழற்ற ஸ்குரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது கம்பெனி நம்பர் அடித்தது. எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எடுத்தார்.

“பொன்பியூ அண்ட் கோவா? மேனேஜர் ஐயாகிட்டப் பேசணும்.” வயதான பெண் குரல்.

“உக்கிரபாண்டி பேசுறேன். சொல்லுங்க.”

“நான் யோகேஸ்வரி, ரிட்டையர்டு டீச்சர். ஒங்க ஆளு பொன்ராஜ் வந்து எங்க வீட்டுப் பச்சைக் கம்பளத்த வெளுத்துக் குடுத்தாரு. அதப் பத்திச் சொல்லத்தான்.”

பொன்ராஜ் மெல்லத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். இந்த ஊரில் அவர் தொட்ட கம்பளம் ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் உண்டு. அதில் பச்சை கிடையாது. டீச்சர் வீடும் கிடையாது. போனை வைத்துவிடலாம். ஆனால் அறை அவ்வளவு அமைதியாக இருந்தது.

“என்ன தப்பு பண்ணுனான் அந்தப் பய?” என்றார் உக்கிரபாண்டி.

“சேச்சே! அம்புட்டுச் சுத்தம். அத ஒங்ககிட்ட யாராவது சொல்லணும்ல.”

“அவன நிப்பாட்டப்போறோம் டீச்சர்.”

“எதுக்கு?”

“தனியாக் கெடந்து கோட்டி பிடிச்சிரும்போல இருக்கு. ஆளில்லாத மண்டபத்துல சோத்த வச்சுக்கிட்டு விருந்தாளியக் கூப்புடுறான்.”

“அதுக்காக நிப்பாட்டிருவீகளா? கூடமாட ஒரு ஆளப் போடுங்க. வேல செய்யாட்டியும் பரவால்ல, பேச்சுத் துணைக்கு.”

“ஆளுக்கு எங்கன போறது?”

“கீழ கிட்டங்கில ஒரு பையன் இருக்கானாமே. ஞாயித்துக்கெழம சும்மாதான் இருப்பானாம். நல்ல கெட்டிக்காரனாம். பாக்கவும் லெட்சணமா இருப்பானாம்.”

“யாரு, பாண்டிச்செல்வமா? அவன் வெளங்காத பயலாச்சே டீச்சர். யாரக் கண்டாலும் நக்கலு. அவனப் போட்டா இருக்குற பேரும் கெட்டுப்போகும்.”

“யாரு சொன்னா? ஒங்களுக்கு அவனப் பத்தி என்ன தெரியும்? அவனும்தான் மனுசன், அவனுக்கும்...” டீச்சரின் குரல் பாதியில் பிளந்து, ஒரு துண்டு மேலே கீச்சென்று போக, இன்னொரு துண்டு கீழே தடித்து விழுந்தது. அவசரமாக இருமும் சத்தம் கேட்டது. அதே இருமல் படிக்கட்டுக்கு அடியிலிருந்தும் கேட்டது.

பொன்ராஜ் உக்கிரபாண்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேசினார்.

“மதுரைக்காரன வரவேண்டாம்னு சொல்லிர்றேன், டீச்சர்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். இருமாம மேல வாலே. பொம்பளக் குரல்ல பேசணும்னா மீச மொளைக்கிறதுக்கு முன்னால பேசியிருக்கணும்.”