பரவாயில்லை என்பதற்கு நான் போட்ட எண்

அன்று காலை டாக்டர் வரும்வரை அந்தக் கட்டிலருகே இருந்தவர்கள் மூன்றே பேர்: காலில் மாவுக்கட்டுடன், சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்திருந்த தமிழ்த் தம்பி, வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் பட்டம் படிக்கும் தமிழ் மிஸ்ஸி (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்), வார்டு உதவியாளரான நான். செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள் நான்.

முந்தின நாள் வேலையில் இருந்த வேறொரு மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. வலி பத்துக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்கச் சொன்னார். தம்பி, "பரவாயில்லக்கா" என்றான். சார்ட்டில் வலிக்கான கட்டத்தில் எண்தான் போட வேண்டும். நான் "டூ" என்றேன். அன்று கேட்ட மூன்று தடவையும் அதேதான். நம் ஆட்கள் உயிர் போகும்போதும் பரவாயில்லை என்பார்கள், எனக்குத் தெரியாததா? தெரிந்தும் சொன்னேன்.

காலையில் உடம்பு துடைக்கும்போது பார்த்தால், கால்விரல்கள் வீங்கிச் சில்லென்று இருந்தன. கால் போய்விட்டால் அது என்னால்தான். தமிழ் மிஸ்ஸியிடம் ஓடினேன். விரல்களை அழுத்திப் பார்த்தவள் உடனே டாக்டரை அழைத்தாள்.

"நேத்து வலி டூன்னு சொன்னது நான்தாம்மா."

"அது உங்க கதைக்கா."

"ஐயோ, பொய் சொல்லல."

"பொய்னு யாரு சொன்னா லா? கிளாஸ்ல பின்நவீனத்துவம் நடத்துறாங்க. ஒரே உண்மைன்னு எதையாச்சும் நீட்டினா, அது யாரு சொன்ன உண்மைன்னு கேக்கணுமாம். சார்ட்டும் ஒருத்தர் சொன்ன கதைதான்."

"அப்ப விரல் வீங்கினதும் கதையா?"

"நானும் அதத்தான் கேட்டேன்."

சார்ட் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனிடம் திரும்பினாள். "நம்பர் வேணாம்ண்ணே. ராத்திரி எப்படிப் போச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். "சொல்லு தம்பி" என்றேன்.

"போர்வையக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்க்கா. வலின்னு சொன்னா கம்பெனில ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு ரூம்ல இருக்கவங்க சொன்னாங்க."

டாக்டர் வந்து, ரத்தம் ஓடாதபடி இறுகியிருந்த மாவுக்கட்டைப் பிளந்தார். கொஞ்ச நேரத்தில் விரல்களில் நிறம் திரும்பியது, கால் தப்பிவிடும் என்றார்.

சார்ட்டில் இருந்த என் இரண்டை மிஸ்ஸி அடித்துத் திருத்தவில்லை. அதன் பக்கத்தில், அவனைக் கேட்டுக் கேட்டு, அவன் சொன்னபடியே எழுதினாள்: போர்வை, பயம், பயத்துக்குக் காரணம். காரணத்தை அவன்தான் எழுதச் சொன்னான். இங்கே வருவதற்காக ஏஜெண்டிடம் வாங்கிய கடனில், இன்னும் கட்ட வேண்டியது ஐயாயிரத்து முந்நூறு சிங்கப்பூர் வெள்ளி.