பெஞ்சுக்காக அறுத்த வேப்பமரம்

அடையாறில் எங்கள் வாசலில் நின்ற வேப்பமரம் போன மழையில் சாய்ந்தது. மாநகராட்சி ஆட்கள் துண்டுபோட்டு விட்டுப்போன அடிமரத்தில் பட்டையோடு ஒரு பெஞ்சு செய்ய எனக்குக் கை பரபரத்தது.

அறுக்கும் மெஷினை வாடகைக்குத் தந்தவர், "ரோட்டு மரம் சார், உள்ள ஆணி கீதான்னு காந்தம் வெச்சுப் பாத்துக்கினு அறு" என்றார். பட்டையில் ஒன்றும் தெரியவில்லை. காந்தம் தேடப் பொறுமையில்லாமல் அறுக்கத் தொடங்கினேன்.

மெஷின் அலறித் துள்ளியது. தெறித்த இரும்புத்துண்டு, காபியோடு வந்த மனைவியின் தலைக்கு மேல் கதவில் குத்தி நின்றது.

"எவன்டா அடிச்சான் இந்த ஆணிய?" என்று கத்தினேன்.

"நீங்கதான். மாடி போர்ஷனுக்கு டு-லெட் போர்டு மாட்ட அடிச்சீங்க. மரம் முழுங்கிடுச்சு" என்றாள்.

இப்போது காந்தத்தால் தடவாமல் எந்த மரத்தையும் அறுப்பதில்லை. டு-லெட் போர்டும் கேட்டில் கயிற்றில்தான் தொங்குகிறது. சுத்தியல் எங்கே என்று மட்டும் மனைவி இன்னும் சொல்லவில்லை.