தவிட்டெண்ணெய் ஆலையின் வாசம்

நீடாமங்கலத்தில் பஞ்சர் கடைக்காரர் டியூபில் சொல்யூஷனைத் தடவியதும் என் மகள் மூக்கை அருகில் கொண்டுபோய், "வாசம் நல்லாருக்கும்மா" என்றாள். அவளை வெடுக்கென்று இழுத்தேன்.

அது என் அப்பாவின் வாசம். நெல் அரைத்த தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் அவருக்கு வேலை. பெட்ரோல் மாதிரி இருக்கும் ஹெக்சேனில் தவிட்டை ஊறவைத்து, பிறகு அந்த ஹெக்சேனைக் காய்ச்சி ஆவியாக்கி எண்ணெயைப் பிரிக்கும் அந்தத் தகரக் கொட்டகை நாள் முழுக்க உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். தீப்பொறிக்குப் பயந்து தீப்பெட்டியை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். ஆணி அடித்த செருப்புகூட உள்ளே போகாது. சாயங்காலம் அவர் சட்டையில் முகம் புதைத்து நானும், "வாசம் நல்லாருக்குப்பா" என்பேன்.

பிறகு அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். "இன்னொண்ணு எங்கங்க?" என்று அம்மா கேட்டால், குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும். அம்மா ரோட்டில் தேடிக்கொண்டு போவாள்.

இப்போது கொட்டகை இல்லை. அங்கே வந்திருக்கும் புது ஆலையில் ஹெக்சேனுக்குப் பதில் எத்தனாலாம், அதுவும் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றுமாம். தெருவில் ஒரு வாசமும் இல்லை. நல்லது. இதை அப்போதே செய்வதற்கு என்ன கேடு?

அந்த ஒற்றைச் செருப்பு நாட்களில் ஒருநாள் அம்மா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து ஒரு கங்கு உருண்டு வந்து கிடந்தது. வெறுங்காலோடு அதன்மேல் நின்றுகொண்டு அப்பா மூக்கைச் சுளித்து என்னைக் கேட்டார்.

"என்னம்மா கருகுது?"