ஸ்டுடியோவுக்குள் வந்த மலை

எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் படம் பிடிக்க உட்காருகிறவர்களுக்குப் பின்னால் தொங்கும் திரைகளை எல்லாம் வரைந்தது என் மாமா, அம்மாவின் தம்பி. ரோஜாத் தோட்டம், தாஜ்மகால், ஏரியில் அன்னம் என்று தான் கண்ணால் பார்க்காத இடத்தையெல்லாம் வரைவார். வாசலில் இறங்கினால் தெரிகிற திருவண்ணாமலை மலையை வரைய மட்டும் அப்பா விடவில்லை. தினமும் சும்மா பார்ப்பதை எவன் காசு கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வான் என்பது அவர் கட்சி. மாமாவுக்கோ அது தீராத ஆசை.

ஒரு வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் அம்மா தம்பி பக்கம் சாய்ந்தாள், அப்பா வழிக்கு வந்தார். மாமா சோறு தண்ணி மறந்து வரைந்தார். பாறை, புதர், உச்சி எல்லாம் அப்படியே. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

முதலில் வந்தது கீழ்பென்னாத்தூர்க் குடும்பம் ஒன்று. திரையைப் பார்த்ததும் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா நாற்காலியைக் காட்டினார். பெரியவர் அசையவில்லை.

"மலைக்கு முதுகக் காட்டிக்கினு எப்டிங்க உக்கார்றது?"

அப்பா கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் குடும்பமே மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, அப்பா தலையில் அடித்துக்கொண்டு ஏழு முதுகுகளைப் படம் பிடித்தார். அடுத்து வந்த அம்மாள் கற்பூரத்தையே எடுத்துவிட்டாள். திரை பற்றிக்கொள்ளுமே என்று அம்மா ஓடிப்போய்த் தடுத்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மலையை அழித்துவிட்டு வேறு ஏதாவது வரைய வேண்டும். மாமாவின் முகம் தொங்கிப்போனது. பிறகு எழுந்து வெள்ளைச் சாயத்தைக் கரைத்தார். மலையின் வடிவத்தில் ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை. பாறைகளின் மேல் பனியைப் பூசினார், அடிவாரத்தில் ஊசியிலை மரங்களை வரிசையாக நிறுத்தினார். காஷ்மீர் என்றார். அப்பாவுக்குப் பரம திருப்தி. அதற்குப் பிறகு ஊரே அதன் முன்னால் செருப்புக் காலோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது.

எனக்குத்தான் ஆறவில்லை. பாழாய்ப்போன வெள்ளைச் சாயம் நம் மலையைத் தின்றுவிட்டதே என்று ஒரு மூச்சு அழுதேன். மலை போய்விட்டதே என்று மாமாவிடம் சண்டைக்கே போனேன்.

"எங்கடி போச்சு?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தோற்றுப்போன மனுஷனுக்கு அப்படி என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.