வயலில் ஒரு சஃப்

துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது ஒரு கோல்ஃப் மட்டையும் பை நிறையப் பந்துகளும் கொண்டுவந்தேன். முக்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயல். அதன் கோடியில் நிற்கும் தென்னைதான் குறி. தினமும் சாயங்காலம் அடித்தேன். பந்தெல்லாம் வலதுபக்க வாழைத்தோப்புக்கே போயிற்று. காற்றைத் திட்டினேன், மட்டையைத் திட்டினேன், தோப்புக்காரரையும் விடவில்லை. பந்து வராத ஒரே இடம் தென்னையடி என்பதால் ஸ்கூட்டரைக்கூட அங்கேதான் நிறுத்துவேன்.

ஒருநாள் என் மனைவி பின்னால் நின்று பார்த்தாள். “தோளு வாழைத்தோப்பப் பாத்துல்லா இருக்கு, பந்து பின்ன எங்கன போவும்?” என்றவள், துணி காயப்போடும் கம்பைத் தென்னையை நோக்கி நீளவாக்கில் தரையில் கிடத்தினாள். “தொழுகைக்கு சஃப்புல நிக்குத மாதிரி நில்லுங்க. ரெண்டு கால் விரலும் கம்புல ஒட்டணும்.”

பள்ளிவாசலில் வரிசை பிசகாமல் நிற்பவனுக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சலாக வந்தது. விரலை ஒட்டி நின்று அடித்தேன். பந்து நேராகப் பறந்தது. கையைத் தூக்கிக் கத்தப்போன நேரத்தில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

ஸ்கூட்டரின் முன்விளக்கு.

“இப்பத்தான் சரியா நிக்கிய,” என்றாள்.