சும்மா வரும் படம்

கூரையேறியதும் கனகதாஸ் முதலில் தென்னை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பார். பிறகு எட்டடி டிஷ் ஆன்டெனாவின் வலைத்தட்டை விரற்கடை விரற்கடையாகத் திருப்பிக்கொண்டே கீழே குரல் கொடுப்பார்: “கிரெயின்ஸ் உண்டா மக்கா?” டி.வி. திரையில் புள்ளி பறப்பதற்கு எங்கள் ஊர் குன்னத்துகாலில் அதுதான் பெயர். இல்லை என்ற பதில் வரும்வரை இறங்கமாட்டார், தேநீரும் தொடமாட்டார்.

டிஷ் பொருத்துவதே பிழைப்பென்றாலும், அதை வேண்டாமென்று சொல்வதில் அவருக்கு விசித்திரமான ஆர்வம். கேபிளுக்கு மாதச் சந்தா உண்டு, ஆனால் வயர் அறுந்தால் அது கேபிள்காரன் பாடு; தட்டுக்குச் சந்தா இல்லை, காற்றும் காக்கையும் நம் பாடு என்பார். 1996-இல் என்னிடமும் விளக்கினார். சந்தா கட்டிய ரசீதுகள் அனைத்தும் என் கையிலிருந்தும் கேபிள்காரர் இருமுறை இணைப்பைத் துண்டித்திருந்தார். தட்டுத்தான் வேண்டும் என்றேன்.

மறு ஆண்டு, இலவசமாக வந்துகொண்டிருந்த சேனல்களில் மூன்று, பணம் கட்டினால்தான் தெரியும்படி பூட்டப்பட்டன. படம் வரிவரியாகக் கலங்கியது. இப்படி நேரும் என்று முன்பே எச்சரித்ததாகக் கனகதாஸ் சொன்னார். எனக்கு நினைவில்லை. என் கோப்பில் இல்லாதது நடக்கவில்லை என்பது என் நம்பிக்கை. ஏமாற்றிவிட்டார் என்று, நாங்கள் இருவரும் போகும் சர்ச்சின் சபைக் கமிட்டிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். பேச்சு பரவியது. பக்கத்து ஊரான திருப்புறத்தில் அவருக்கு வேலை பேசியிருந்த மூன்று வீட்டாரும் பின்வாங்கினர்.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. அவர் தந்த வேலைச்சீட்டை ஒட்டிவைத்திருந்த நோட்டை நீட்டினேன். தலைவர் சுந்தரதாஸ் படித்துவிட்டுக் கனகதாஸிடம், “எலே, இதுல பூட்டப்பத்தி ஒரு வரியும் இல்லியே. சாவி உன் கையிலயாக்கும் இருக்கு?” என்றார். சிலர் சிரித்தனர்.

கனகதாஸ் நோட்டை வாங்கி ஜன்னலருகே சென்றார், நானும் பின்தொடர்ந்தேன். தாளைப் புரட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சீட்டின் முதுகில், நான் பசை தடவிய பக்கத்தில், அவருடைய எழுத்து நிழலாகத் தெரிந்தது: ‘சும்மா வரும் சேனலை எப்போது வேண்டுமானாலும் பூட்டுவார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.’ கீழே, படிக்காமல் நான் போட்ட கையொப்பம்.

அவர் என்னைப் பார்த்தார்.

“சொல்ல விட்டுப்போச்சு அண்ணா,” என்றார் தலைவரிடம். “சார் மேல குற்றம் இல்ல. நாளைக்கு வந்து தட்ட அவுத்துக்கிடுதேன்.”

பிறகு, பசை விட்டு எழும்பி நின்ற சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, நோட்டை மூடி என்னிடம் தந்தார்.