கிடப்பில் கிடந்த மசோதா

அலுவலகத்தில் அவளை விளக்குப்பொண்ணு என்பார்கள். எந்த மசோதா எந்தக் குழுவிடம் இருக்கிறது, எந்தத் துறை இன்னும் கருத்துச் சொல்லவில்லை என்று காட்டுகிற புது மென்பொருள் தொழிலாளர் துறைக்கு வந்திருந்தது. ஒவ்வொரு மசோதாவின் பக்கத்திலும் ஒரு வட்டம். துறையின் பதிலுக்குக் காத்திருந்தால் மஞ்சள், ஆட்சேபணை இல்லையென்றால் பச்சை, உண்டென்றால் சிவப்பு. அந்த வட்டங்களைக் கவனிப்பதுதான் அவள் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. என்ன வேலை என்று அப்பா கேட்டபோது பொறுமையாக விளக்கிப் பார்த்தாள்.

"அப்போ டிராபிக் போலீஸ் மாதிரி," என்றார் அப்பா. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள்.

அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அதனால்தான் அந்த மசோதா திரையில் வந்ததும் அவள் வேறெதையும் பார்க்கவில்லை. சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரையும் ஒப்பந்த நிறுவனங்களின் கீழ் கொண்டுவருகிற மசோதா அது. துறை வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். பச்சை விழுந்தால் நேராக வாக்கெடுப்புக்குப் போய்விடும்.

அச்சடித்துப் பிரிவு அலுவலரிடம் கொடுத்தாள். அவர் வாசித்தார், முகத்தைச் சுளித்தார், மேசைக் குவியலின் அடியில் செருகிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தார். என்ன பதில் போடுவது என்று கேட்டவளுக்குத் தேநீர் உறிஞ்சும் சத்தம்தான் கிடைத்தது.

தட்டச்சு அக்காதான் விஷயத்தைச் சொன்னாள். இந்தத் துறையில் எந்த மசோதாவையும் யாரும் எழுத்தில் எதிர்த்தது கிடையாது. அமைச்சர் கொண்டுவந்ததை வேண்டாமென்று எழுதிவிட்டு, மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பிடிக்காததைக் கிடப்பில் போடுவார்கள். மேலிருந்து போன் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். கூட்டத்தொடர் முடியும், மசோதாவும் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

"பதில் போகலேன்னா வேணாம்னு அர்த்தம். மேல இருக்கறவங்களுக்கும் அது தெரியும்டி," என்றாள் அக்கா.

மென்பொருளுக்குத் தெரியாதே. கெடு தாண்டினால் வட்டம் தானாகப் பச்சையாகிவிடும். மௌனம் சம்மதம் என்ற பழமொழியை எவரோ அப்படியே அதற்குள் எழுதி வைத்துவிட்டார்கள். அவள் ஓடிப்போய்ப் பிரிவு அலுவலரிடம் சொன்னாள். அவர் குவியலைத் தட்டிக்காட்டினார்.

"காகிதம் என்கிட்ட இருக்கும்மா. இது இல்லாம அது எங்க போயிடும்?"

திரையில் வட்டம் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அப்பாவிடம், இந்தச் சட்டம் வந்தால் நல்லதா என்று கேட்டாள். மாசச் சம்பளம் வரும் என்கிறார்களே, நல்லதுதான் என்றார். சட்டையைக் கழற்றியதும், இப்போது முடியாத மூட்டையை முடியாது என்று சொல்கிறேன், அப்போது சொல்ல விடுவார்களா என்றார். கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகு அதையும் விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

"லோடே வராத நாள்ல சம்பளம் உண்டா? படிச்சவ நீ, சொல்லேன்."

அவள் மசோதாவைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். அதில் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சிவப்பு விழுந்தால் அப்பாவின் சம்பளத்தைத் தானே தட்டிவிட்டவளாகிவிடுவோமோ? பச்சை விழுந்தால் அவர் தலையில் தானே மூட்டையை ஏற்றியவளாகிவிடுவோமோ? இதற்குத்தான் படித்தோமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இதற்குத்தான் படித்தோமோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், திரையின் ஓரத்தில் ஒரு சாம்பல்நிறப் பொத்தானைக் கண்டாள். 'விளக்கம் தேவை.' பயிற்சி வகுப்பில் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். பிரிவு அலுவலரைக் கூட்டிவந்து காட்டினாள். அவருடைய கடவுச்சொல் இல்லாமல் எதுவும் நகராது.

"இது எதிர்ப்பு இல்ல சார். கேள்விதான்."

அவர் முகம் தெளிந்தது. கேள்வி கேட்டால் எந்த அமைச்சரும் கோபிக்க மாட்டார் என்றார். ஆனால் என்ன கேள்வி? பெட்டி காலியாக இருந்தது. அவள் அடித்தாள்: சரக்கு வராத நாட்களில் கூலி உண்டா? முடியாத சுமையை மறுக்கலாமா?

"யார் கேக்கறா இதை?"

"எங்கப்பா, சார்."

அவர் இரண்டு கேள்விகளையும் இன்னொரு முறை வாசித்தார். "அதை அதுல போட்டுடாதே," என்று சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் கடவுச்சொல்லைக் குத்தினார்.

வட்டம் சிவக்கவில்லை, பச்சையாகவும் இல்லை. நீலமானது. நீலத்துக்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தட்டச்சு அக்கா எட்டிப்பார்த்து, நல்ல கலர்தான் என்றாள். பிரிவு அலுவலர் எதற்கும் இருக்கட்டும் என்று குவியலின் அடியிலிருந்த காகிதத்தை இன்னும் உள்ளே தள்ளினார்.

வீட்டில் நுழைந்ததும் அப்பா என்ன ஆச்சு என்றார். நீலம் விழுந்திருக்கிறது என்றாள்.

"நீலம்னா நிக்கணுமா, போகணுமா?"

அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.